ஷெட்டு யாருடையது

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி கும்மிடிப்பூண்டியில் இருந்தது. மூடிவிட்டார்கள். அவரோடு மிஷினில் நின்ற ஐந்து பேருக்கும் வேலை போனது. நாற்பது வயசுக்கு மேல் வேறு கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவார்கள்.

ஆறு பேரும் சேர்ந்து ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். இரும்பைச் சுழற்றிக் கடைகிற பழைய லேத் ஒன்றும் டிரில்லிங் மிஷின் ஒன்றும் வாங்கினார்கள். வேலை தெரிந்த யார் வேண்டுமானாலும் வந்து மிஷினில் நிற்கலாம் என்பது என் வீட்டுக்காரர் யோசனை. எஞ்சினிலோ பம்ப்செட்டிலோ உடைந்த பாகத்தைத் தானே செய்துகொள்ளப் பழவேற்காட்டுப் படகுக்காரர் வரட்டும், ஆரணிப் பக்கத்து விவசாயி வரட்டும் என்றார்.

"மறுபடி மிஷின்ல நிக்கணும்மே. ஊட்லயே உக்காந்துகினு இருந்தா செத்துடுவேன்."

நான் ஒன்று கேட்டேன். "வர்றவன் எவனாவது கைய வுட்டுக்கினா இன்னா பண்ணுவீங்க?"

டிரில்லிங் மிஷின் பார்க்கிற தம்பி சிரித்தான். "அண்ணி, நாங்க இன்னா நேத்து வந்த காண்ட்ராக்ட் பசங்களா? எங்களப் பாத்தா மிஷினே சலாம் போடும்."

"சலாம் போடற மிஷினுக்கு பிஎஃப் புடிப்பியாடா?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு போனது.

பயம் இல்லாதவர்கள் இல்லை. தொங்குகிற துணியோடு மிஷின் பக்கம் வராதே என்று சுவரில் பெயிண்டால் எழுதினார்கள். எழுதியவர் என் வீட்டுக்காரர்தான். சட்டைக் கையை மடிக்காமல் லேத்தைத் தொட மாட்டார்.

திறப்பு அன்று பூசணிக்காய் உடைத்தோம். வார்டு மெம்பர் வந்தார். மூத்தவர் என்று என் வீட்டுக்காரருக்குச் சால்வை போட்டார். லேத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் சால்வையை எடுக்கப் போனார்.

"இருக்கட்டும்ணே, போட்டோ எடுக்கறாங்க." அந்தத் தம்பிதான் சொன்னான்.

போட்டவர் எதிரே நிற்கிறார். உடனே கழற்றினால் மரியாதை இல்லை. என் வீட்டுக்காரர் சால்வையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அங்கே நின்ற அத்தனை பேரும் மிஷினில் நின்றவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கை தட்டினேன்.

லேத் சுற்றியது. அவர் குனிந்தார். சால்வை நுனியை மிஷின் பிடித்தது. துணியை இழுக்க வலது கையை நீட்டினார். துணியோடு கையும் போனது. மெயினை அணைப்பதற்குள் முடிந்துவிட்டது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

போலீஸ்காரர் வந்தார். "ஷெட்டு யாருது?" என்று கேட்டார். ஐந்து பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அதுவரைக்கும் நம்ம ஷெட்டு, நம்ம ஷெட்டு என்றுதான் பேச்சு. அன்றைக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"என்னுதுதான் சார்," என்றார் என் வீட்டுக்காரர். "நானேதான் மிஷினப் போட்டேன். யார் மேலயும் தப்பு இல்ல."

'இருக்கட்டும்' என்றது யார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தினமும் இட்லி வாங்கி வந்தது அவன்தான். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவான்.

புண் ஆறிய பிறகு ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணே, வாடகை சும்மா போய்க்கினு கீது. நீ சரின்னா தொறக்கலாம்."

அவர் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. "தொறங்கடா. நானும் வர்றேன். ஒரு கையால அளவு பாக்க முடியாதா?"

டீ கொடுத்துவிட்டு நான் கேட்டேன். "தொறங்க தம்பி. ஆனா போலீஸ்ல இவரு பேருதான் கீது. நாளைக்கு வேற எவனுக்காவது ஒண்ணு ஆனா இவரத்தான் இழுப்பாங்க. இனிமே யாரு பேர்ல தொறக்கறீங்க?"

ஒருவன் போனை எடுத்துப் பார்த்தான். ஒருவன் டீயை ஊதினான்.

"ஊட்ல கேட்டுட்டு சொல்றேன் அண்ணி," என்றான் அந்தத் தம்பி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

பைக்குகள் கிளம்பிப் போயின. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ கேக்காம இருந்திருந்தா நாளைக்கு நான் ஷெட்டுக்குப் போயிருப்பேன்மே."

"தெரியும்," என்றேன்.