கையெழுத்துப் போடாத பாரம்

அந்தப் பெண் எங்கள் கிளினிக்கில் சேர்ந்த ஒன்பதாவது நாள், ஊசி போடும் அறையில் அவளைத் தனியாக விட்டார்கள். ஆறு வாரம் மூத்த நர்ஸான என் பக்கத்தில் நின்று பழக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதை எழுதிச் சுவரில் வேறு ஒட்டியிருந்தார்கள்.

ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். நர்சிங் முடித்து நேராகக் கம்போங் ராஜாவில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். நல்ல கை. ஆனால் எதையும் கேட்கமாட்டாள். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரியே நிற்பாள். தப்பாகச் செய்கிறவளைத் திருத்திவிடலாம். கேட்காதவளுக்குக் கூடவே ஆள் நிற்க வேண்டும்.

அன்று ஒரு நர்ஸ் லீவு. கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களிலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பொறுப்பு சிஸ்டர் என்னைக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டார்.

பஞ்சு எடுக்கத்தான் ஊசி போடும் அறைக்குள் போனேன். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தார். இவள் ஊசியில் பென்சிலினை ஏற்றித் தயாராக வைத்திருந்தாள். பழக்கத்தில் அந்த அம்மாவின் கார்டைத் திருப்பினேன். பென்சிலின் ஆகாது என்று பின்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஊசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

விஷயம் சிஸ்டர் காதுக்குப் போனது. வந்தார். டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க படிச்சே நீ? கண்ணு எங்க வச்சிருந்தே?"

அவள் அழ ஆரம்பித்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவள எதுக்கு ஏசுறீங்க? வந்து ஒம்பது நாளு லா. அங்க தனியா நிறுத்துனது நீங்கதானே?"

மறுநாள் காலையில் சிஸ்டர் அந்தப் பெண்ணின் பயிற்சிப் படிவத்தை, அச்சடித்த ஒரு பாரத்தை, என் முன்னால் வைத்தார். ஊசி, டிரிப், காயம் கட்டுதல் என்று வேலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'தனியாகச் செய்யத் தகுதி உண்டு' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"தேதி மட்டும் போன வாரம்னு போட்டுருங்க."

அதன் அர்த்தம் எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. நான் கையெழுத்துப் போட்டால், அவள் எல்லாம் கற்றவள். கற்றபிறகும் தப்புச் செய்தவள். மற்றவர்கள் கை கழுவிவிடலாம். இதற்கு முன் இரண்டு பெண்களுக்கு இதே மாதிரி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது ஞாபகம் வந்ததும் சிஸ்டர் மேல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பியது.

முடியாது என்று சொல்லிவிட்டு, பாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். கிளினிக்கின் பின்னால், தேநீர் போடும் அடுப்படியில் அந்தப் பெண் காத்திருந்தாள்.

"அக்கா, போட்டுருங்கக்கா. இல்லன்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. வீட்ல என்ன சொல்லுவேன்?"

"உனக்கு அறிவிருக்கா?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகு, நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து, பாரத்தில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகச் சொன்னேன்.

"அப்ப தப்பு முழுசும் என்னோடதுன்னு ஆயிரும், இல்லக்கா?"

ஒவ்வொரு வரியிலும் கையெழுத்துக்குப் பதிலாக, 'கற்றுக்கொடுக்க நேரம் தரப்படவில்லை' என்று எழுதினேன். இருவரும் கிளினிக் முதலாளியான பெரிய டாக்டரிடம் போனோம். அவர் படித்துவிட்டு, ஆறு வாரத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். ஆனால் வேலை நிரந்தரமாவதை மூன்று மாதம் தள்ளியது அவளுக்குத்தான். சிஸ்டருக்கு ஒன்றுமில்லை. கார்டைத் திருப்பாத டாக்டருக்கும் ஒன்றுமில்லை. அவளும் இரண்டு வாரம் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன்.

புதிதாகத் தொடங்கிய ஆறு வாரத்தில் நான்காவது வாரம், கூட்டம் அதிகமான ஒரு காலையில், சிஸ்டர் மறுபடியும் என்னைக் கவுண்டருக்குக் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"அக்கா வரமாட்டாங்க சிஸ்டர். எனக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

கையிலிருந்த டிரேயைக் கீழே வைக்கவில்லை. சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கவுண்டரில் தானே போய் உட்கார்ந்தார்.