பாயசத்துக்கு வாஞ்சிநாதன் சொன்ன தீர்ப்பு

வங்காளத் தலைநகரின் கஸ்பா பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் வாஞ்சிநாதன் வசிக்கிறார். வங்கியொன்றின் தணிக்கைப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கிளை கிளையாகப் போய்க் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர் என்பதால், குறையில்லாத ஒன்றைக் கண்டால் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. மனைவி பத்மஜாவின் சமையலுக்கு இதுவரை அவர் வழங்கியுள்ள உச்சபட்சச் சான்றிதழ், "பரவாயில்லை" என்பதுதான். ரசத்தில் உப்புக் குறைந்த நாளில் மட்டும் விரிவாகப் பேசுவார். வாய்விட்டுப் புகழ்ந்தால் கைப்பக்குவம் கெட்டுவிடும் என்பது அவருடைய குடும்பத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த சித்தாந்தம். அவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் ஆனந்தமேளா என்ற சமையல் சந்தைக்கு நடுவராகப் போட்டார்கள். துர்கா பூஜையின்போது, பஞ்சமி மாலையில், வீட்டில் சமைத்த பண்டங்களைப் பந்தலருகே கடை விரித்து விற்பதும், அதிலேயே ஒரு போட்டி வைப்பதும் அந்தக் குடியிருப்பின் வழக்கம். சென்ற ஆண்டு நடுவர், கிழக்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். பரிசைத் தம் பக்கத்து இலிஷ் மீனுக்குக் கொடுத்துவிட்டார். மேற்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், தங்கள் இறாலுக்கு இழைக்கப்பட்ட அவமானம் அது என்று கொதித்தெழுந்தார்கள். தீபாவளியோடு வரும் காளி பூஜை வரையில் இரண்டு கட்சியினரும் ஒரே லிஃப்டில் ஏறவில்லை. ஆகவே செயலாளர் நரேன் பாபு இந்த ஆண்டு போட்டியை இனிப்போடு நிறுத்திக்கொண்டு, எந்த மீனின் பக்கமும் சாயாத ஒரே மனிதரைத் தேடி நான்காம் தளத்துக்கு வந்தார்.

ஒரு நிபந்தனையும் விதித்தார். ஒவ்வொரு பண்டத்தையும் ருசித்ததும், எல்லோருக்கும் பொதுவான ஆங்கிலத்தில், மைக்கில் மனமாரப் பாராட்ட வேண்டும். பரிசு யாருக்குப் போனாலும் பாதகமில்லை, பாராட்டுக் குறைந்தால்தான் கலவரம் என்று விளக்கினார்.

வாஞ்சிநாதனின் ஆங்கிலம் அறிக்கைகளில் வளர்ந்த ஆங்கிலம். 'திருப்திகரம்' என்பதற்கு அப்பால் அதில் வழியில்லை. அன்றிரவே கைப்பேசியில் பாடம் கேட்க உட்கார்ந்தார். இயல்பாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் எதற்கெடுத்தாலும் 'டேஸ்ட்டி' என்று சொல்லமாட்டார்கள் என்று அதில் ஒரு பெண்மணி புன்னகையோடு எச்சரித்தார். க்ரிஸ்பி, க்ரீமி, மாயிஸ்ட், ஸக்குலன்ட் என்று வாஞ்சிநாதன் மனப்பாடம் செய்தார். காலைச் சிற்றுண்டியில் ஒத்திகை தொடங்கிற்று.

"திஸ் உப்புமா இஸ் டு டை ஃபார்" என்றார்.

பத்மஜா கரண்டியை நிறுத்தினாள். "சாகறதுக்கு வேற நல்ல பண்டம் கிடைக்கலையா உங்களுக்கு?"

"அப்படித்தான் சொல்லணுமாம். பழகிக்கறேன்."

எதிரில் இட்லி இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுவதும் அவளுடைய கத்தரிக்காய் 'ஸக்குலன்ட்' ஆயிற்று. மோர் 'க்ரஞ்சி' ஆயிற்று. ஒன்றுகூட அவளைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. கடைசியில் அவள், தானும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகத் தெரிவித்தாள்.

"பரிசெல்லாம் வேண்டாம். ருசிச்சுப் பார்த்துட்டு என்ன சொல்றேள்னு மட்டும் கேக்கணும்."

வாஞ்சிநாதனுக்கு வியர்த்தது. நடுவரின் மனைவி போட்டியிடலாமா என்று செயலாளரிடம் ஓடினார். கிண்ணங்களில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இராது என்று நரேன் பாபு அவரைத் தேற்றி அனுப்பினார்.

பஞ்சமி மாலை வாஞ்சிநாதன் வெளுத்து வாங்கினார். முதல் கிண்ணத்தில் இருந்த சந்தேஷ் என்ற பால் இனிப்பை 'மெல்ட் இன் த மவுத்' என்றார், கைதட்டல் எழுந்தது. செங்கல்லைப்போல் இறுகியிருந்த ஒரு தேங்காய் உருண்டையை 'மாயிஸ்ட்' என்றார். அதைச் செய்தவரே சற்றுத் திகைத்தார். அடுத்து ஒரு கிண்ணம் பால் பாயசம் வந்தது. சுண்டி இளஞ்சிவப்பேறிய பாலில் கோபிந்தபோக் என்ற சிறுமணி வாசனை அரிசி குழைந்திருந்தது. அந்தக் குடியிருப்பில் வேறு யாரும் பாயசத்தில் சேர்க்காத பச்சைக் கற்பூரம் மணத்தது. யாருடையது என்று தெரிய அவருக்கு எண்ணும் தேவையில்லை, பெயரும் தேவையில்லை. மற்றவற்றை ஒரே கரண்டியோடு நிறுத்தியவர், இந்தக் கிண்ணத்தைச் சீக்கிரம் கீழே வைக்கவில்லை. சொந்த மனைவியைப் புகழ்ந்தான் என்று நாளை ஒருவன் சொல்லிவிட்டால்? தணிக்கை அதிகாரி விழித்துக்கொண்டார்.

"அக்ஸெப்டபிள்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அடுத்த கிண்ணத்தை எடுத்தார்.

பரிசு சந்தேஷுக்குப் போயிற்று. இரு கட்சியினரும் அன்றிரவு ஒரே லிஃப்டில் ஏறி, முகமறியாத அந்தப் பாயசக்காரிக்காகச் சேர்ந்து வருந்தினார்கள்.

வீட்டில் வாஞ்சிநாதன் நடுநிலைமையைப் பற்றி நீளமாக விளக்கினார்.

"அந்த உருண்டையைக் கடிக்க முடியாம முழிச்சேளே, அதுக்கு ஒரு நல்ல வார்த்தை இருந்தது" என்றாள் பத்மஜா. "எனக்கு இல்லை. அவ்வளவுதானே?"

சஷ்டியன்றும் சப்தமியன்றும் சோறும் ரசமும் அளவான உப்போடு தட்டில் விழுந்தன. குறை சொல்லக்கூட இடமில்லாமல் வாஞ்சிநாதன் தவித்தார்.

அஷ்டமி மதியம் போக் பிரசாதமான கிச்சுரி என்ற பருப்புச் சோற்றுக்கு வரிசை வளைந்து நின்றது. தவறிப்போன சாவிக்கொத்தைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்த நரேன் பாபுவிடமிருந்து வாஞ்சிநாதன் மைக்கை வாங்கினார். தவறான அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றார். க்ரீமி, டிவைன் எல்லாம் நாக்கு நுனி வரையில் வந்தன. ஆனால் அவற்றையெல்லாம் ஊருக்கு வாரி வழங்கியாயிற்று. மேலே நான்காம் தளத்துப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"பத்மஜா பண்ணின பாயசம் ரொம்ப நன்னா இருந்தது" என்றார் தமிழில். "நான் ரெண்டு கரண்டி சாப்பிட்டேன்."

பாயசம் என்ற ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கிற்று. பாயேஷ் பரிமாறப் போகிறார்கள் என்று வரிசை முண்டியடித்தது. நரேன் பாபு மைக்கைப் பிடுங்கி, பாயேஷ் இல்லை, கிச்சுரிதான் என்று தொண்டை வறள அறிவித்தார்.

வாஞ்சிநாதன் மாடியேறி வந்தபோது பத்மஜா கதவைத் திறந்து வைத்திருந்தாள். முகத்தில் கோபமா சிரிப்பா என்று அவரால் கணிக்க முடியவில்லை.

"ரெண்டு கரண்டின்னு ஊருக்கெல்லாம் சொன்னேளே, மூணு" என்றாள். "நான் பார்த்துண்டுதான் இருந்தேன்."