பெரியகல்லாற்று முகவரி

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், விரிவுரைகள் இல்லாத நாட்களில், மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்திருந்த ஒரு வாடகை வீட்டுக்கு நான் வேலைக்குப் போய்வந்தேன். சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக வீடு கட்டிக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகம் அது. கரையோரத்தில் கட்டக்கூடாது என்ற தடை பல வருடங்கள் இழுபட்டுப் பின்னர் தளர்ந்ததால், எங்கள் ஊரான கல்லடியின் கடைசி வீடுகளுக்கு அப்போதுதான் முறை வந்திருந்தது. அந்த மாதம் முடிந்ததும் அலுவலகத்தை மூடுவதாக இருந்தார்கள். கடைசிப் பட்டியலில் என் அக்காவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது வேறு எதைப் பற்றியும் பேச்சில்லை. வீடு என்று நான் சொல்வதும் இடைத்தங்கல் முகாமின் தகரக் கொட்டிலைத்தான். அதில் அக்கா, அவளுடைய மகள், நான் என மூவர் இருந்தோம்.

என் வேலை அறிக்கை எடுப்பது. குடும்பங்களின் விபரங்களும் அறிக்கைகளின் அமைப்பும் கொழும்பில் ஒரு சேர்வரில் இருந்தன. எங்கள் கணினியில் ஓர் இணையப் பக்கம் மட்டும் திறக்கும். அதில் ஊரின் பெயரைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால், பக்கத்தின் உள்ளே இருந்த, ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஒரு திறந்த மூல நிரல் நூலகம் கொழும்பு சேர்வரிடம் போய்க் கேட்டு, அறிக்கையை அச்சுக்குத் தயாரான கோப்பாகக் கொண்டுவந்து தரும். அந்த நூலகத்தை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து வாசிக்கலாம், திருத்தலாம். பக்கத்தை எழுதிய இளைஞர் வெளிநாடு போய்விட்டிருந்தார். அவர் போன பிறகு அதைத் தொடுவதற்கு அலுவலகத்தில் அனைவரும் பயந்தார்கள்.

கல்லடி அறிக்கையை எடுத்த அன்று அக்காவின் குடும்பம் அதில் இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேறு பெண்களின் குடும்பங்களும் இல்லை. வேறு ஊர்களின் அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடியபோது பெரியகல்லாற்றில் அக்காவின் கணவரான அத்தானின் பெயர் கிடந்தது. அதன் கீழ், சார்ந்திருப்போர் என்ற பகுதியில், அக்காவும் பிள்ளையும் இருந்தார்கள். பெரியகல்லாற்றுக்கான வீடுகளோ எப்போதோ கட்டி முடிக்கப்பட்டிருந்தன.

தவறு எங்கிருந்து வந்தது என்பது எங்கள் பக்கத்தவர் எவருக்கும் உடனே விளங்கும். இங்கே வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்கு உரியவை. கலியாணம் முடிந்ததும் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். ஆனால் அடையாள அட்டையை அவன் தாய்வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிடுகிறான், பின்னர் அதை எவரும் மாற்றுவதில்லை. கல்லடியில் பல வருடங்கள் குடியிருந்த அத்தானின் அட்டையில் பெரியகல்லாறு என்றே இருந்தது. அறிக்கையை அமைத்தவர்கள் குடும்பத் தலைவரின் நிரந்தர முகவரியைக் கொண்டு ஊரைப் பிரித்திருந்தார்கள்.

என்னோடு பதிவுவேலை செய்த காத்தான்குடிப் பெண்ணிடம் காட்டினேன்; முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல் அவரை நான் ராத்தா என்பேன். அவர் அச்சுத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ட மாப்பிள்ளட ஐடியிலயும் ஏறாவூர் எண்டுதான் இரிக்கி. அப்ப நான் ஏறாவூர்லயா புள்ள சோறாக்கிறன்? கொழும்பில பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போவாங்க. இஞ்ச நாம மாப்பிள்ளையக் கூட்டி வாற. இத அந்த மிசினுக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற?"

பொறுப்பாளர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். நான் கதவருகே நின்றேன். பேசி முடித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரிப்போர்ட் சரியாம் தங்கச்சி. ஐடியில என்ன கிடக்கோ அதுதானாம் முகவரி. இனி ஒண்டையும் மாத்த ஏலாதாம்."

பிறகுதான் நூலகத்தின் கோப்புகளைத் திறந்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ் படித்துக்கொண்டிருந்ததால், உரை இல்லாத மூலத்தை மெல்ல மெல்ல வாசிப்பது எனக்குப் பழக்கமான காரியம். ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது, எதன் பக்கத்தில் வருகிறது, எதற்குப் பின் வராது என்று குறித்துக்கொண்டு போனேன். மின்சாரம் நின்றபோதெல்லாம் அச்சிட்ட தாள்களில் வாசித்தேன். எழுதியவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ தெரியாது. ஆனால் ஒழுங்கானவர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது என்ன செய்யும் என்பதை ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று, ஓர் அறிக்கை எந்தெந்த நிபந்தனைகளை ஏற்கும் என்று சேர்வரிடமே கேட்கும் வழி. எங்கள் பக்கம் அதை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை.

கேட்டேன். எங்கள் பக்கம் ஊர் என்ற ஒரே நிபந்தனையை அனுப்பிக்கொண்டிருந்தது. சேர்வரோ மூன்றை ஏற்கும். இரண்டாவது, முகவரி நிரந்தரமானதா, அனர்த்தத்தின்போது இருந்ததா என்பது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது நிரந்தரத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒரு வரியைச் சேர்த்து அழுத்தினேன். கல்லடி அறிக்கை முன்னையதைவிடத் தடிப்பாக வந்தது. விடுபட்டிருந்த குடும்பங்கள் வந்து சேர்ந்திருந்தன. அத்தானின் பெயரும் அக்காவின் பெயரும் கல்லடியில் இருந்தன. ராத்தா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கள்ளி! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே இழுத்துக்கிட்டு வந்துட்டாய்!"

பொறுப்பாளரும் மகிழ்ந்தார். சேர்வர் தானாகத் தந்த அறிக்கை என்பதால் கொழும்பு மறுக்காது என்றார். பிறகு அத்தானின் வரியில் அவருடைய விரல் நின்றது.

"இவர் வந்து ஒப்பம் வைப்பாரா?"

அத்தான் கொத்துவேலை செய்யும் மேசன். கடல் வந்த அடுத்த வருடம், வன்னியில் வீடு கட்டும் வேலை நிறைய இருக்கிறது என்று போனார். யுத்தம் மீண்டும் மூண்டு பாதை மூடப்பட்டது. சில தொலைபேசி அழைப்புகள் வந்தன, பின்னர் அவையும் நின்றன. யுத்தம் முடிந்தபின் அக்கா போகாத முகாம் இல்லை, கேட்காத காவலரண் இல்லை. அவர் இருக்கிறார் என்றும் எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது நிபந்தனை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகப் பதியும், குடும்பத் தலைவரின் நிலை. உயிருடன் இருந்தால் அவரே வந்து ஒப்பமிட வேண்டும், வீட்டு உறுதிப் பத்திரமும் அவர் பெயரில் எழுதப்படும். மரணம் என்றால் மனைவி தலைவியாவாள். சேர்வர் ஏற்ற பெறுமதிகள் இவை இரண்டுமே. 'காணாமற்போனவர்' என்று நானாக ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். நூலகம் அதையும் கொண்டுபோய்க் கொடுத்து, சேர்வரின் பதிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் எனக்குக் கொண்டுவந்தது. அப்படியொரு பெறுமதி இல்லை. வேறு வேறு சொற்களில் அன்று மாலைவரை அனுப்பினேன். கடைசியில் சொற்களையே பிழையாக அடித்தேன். ராத்தா வந்து விசைப்பலகையை என்னிடமிருந்து தள்ளிவைத்தார்.

"காணும் புள்ள. அதுக்கு என்ன தெரியும்."

"மரணச் சான்றிதழ் ஒண்டு எடுத்தாக் காணும் தங்கச்சி" என்றார் பொறுப்பாளர். "இப்ப மாவட்டக் கச்சேரி ஒபிசில லேசாக் குடுக்கிறாங்க. அக்காவோட கதைச்சுப் பாருங்க."

அக்கா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப, அவரு செத்துப்போனார் எண்டு நான் எழுதிக் குடுக்கணும்."

"கடதாசியிலதான் அக்கா."

"மறுகா?"

"மறுகா உன்ட பேரு தலைவி எண்டு வரும். வீடு கிடைக்கும்."

"அந்த வளவு ஆர்ரடி?"

"உன்ட."

"எனக்கு ஆர் தந்தது?"

"அம்மா."

"அவருக்கா தந்தவ? எனக்குத் தந்தவ. அந்தாள் உடுத்த சாரத்தோடயும் கரண்டியோடயும் வந்தவரு. என்ட வளவில எனக்கு ஒரு வீடு தாறதுக்கு அவரு ஏன்டி சாகணும்?"

மழை வருகிறது, கொட்டில்களையும் பிரிக்கப்போகிறார்கள் என்றேன். பிள்ளைக்கு வயது வருகிறது என்றேன். இன்னும் எவ்வளவோ சொன்னேன், குரலையும் உயர்த்தினேன். எங்கள் வீட்டில் எவரும் என்னிடம் கேட்டறியாத குரல் அது. பிள்ளை வெளியே எழுந்து போனாள். அக்கா மீனைக் கழுவி உப்பிட்டுச் சட்டியில் வைத்தாள்.

"நீ படிச்சவள்" என்றாள். "ஒண்டு செய். அந்தாள் உசிரோட இரிக்கார் எண்டே போடு. ஒப்பத்த வெறுமையா விடு."

"அப்படிப் போட்டா வெட்டிப்போடுவாங்க அக்கா."

"வெட்டட்டும். வெட்டுறது அவங்கட கை. என்ட கையால வெட்ட மாட்டன்."

அவள் அலுவலகத்துக்கு வராமலே நானாக 'மரணம்' என்று பதியலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். "உன்னால ஏலும் எண்டு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள். அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை.

அறிக்கை போகவேண்டிய நாளில் காலையிலிருந்து அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிபந்தனையை மாற்ற ஒரு சொல் போதும். ராத்தா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் பகிடி விடாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். கடைசியில் அக்கா சொன்னபடியே அனுப்பினேன். மற்றக் குடும்பங்களுக்கு வீடு உறுதியானது. அத்தானின் வரிக்கு எதிரே 'ஒப்பம் இல்லை, தகுதியில்லை' என்று திரும்பி வந்தது. நான் சேர்த்த ஒரு வரியினால் வீடு பெற்ற பெண்கள் சிலர் வாழைப்பழச் சீப்போடு என்னைத் தேடி வந்தார்கள். அவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்கதவால் வெளியேறினேன்.

மாத முடிவில் கொட்டில்களைப் பிரித்தார்கள். அக்கா எங்கள் பங்குத் தகரங்களை லான்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கல்லடி வளவுக்குக் கொண்டுவந்தாள். பழைய அத்திவாரம் மண்ணுக்குள் கிடந்தது. சுற்றிலும் புதிய வீடுகளுக்குச் சீமெந்துக் கல் அரிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் கம்பு நடக் குழி தோண்டினோம். பிள்ளை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவே மாட்டேன் என்றாள்.

"இப்ப அந்த ரிப்போட்டில எங்கட பேரு எங்க கிடக்கு?" என்று அக்கா கேட்டாள்.

அந்தக் கிழமைதான் கொழும்பு சேர்வரை நிறுத்தியிருந்தார்கள். முதல்நாள் நான் கடைசியாகப் பொத்தானை அழுத்தியபோது, இணைப்புக் கிடைக்கவில்லை என்று நூலகம் சொன்னது.

"கல்லடியில" என்றேன்.

அக்கா அலவாங்கை ஓங்கி இறக்கினாள். ஈர மணலில் குழி மீண்டும் மீண்டும் சரிந்து மூடியது. அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள்.