தம்பிக்கு நான் வைத்திருந்த பெயர்

புது போன் வாங்கி நாலு நாள் ஆகிறது. பழைய போனில் இருந்த பெயர்களை இதில் ஏற்றத் தெரியாமல், இன்று காலை சொந்த மனைவி அழைத்ததற்கே "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டேன். கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

உடனே செம்மேட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே போன் கடையில் வேலை பார்ப்பது என் தம்பி மகள். எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் எல்லையில் நிற்கும் பலாமரத்துக்காக நானும் தம்பியும் பேச்சை விட்டு மூன்று வருடம். ஆனாலும் பிள்ளை முகம் சுளிக்கவில்லை.

"மொத்தமா வராதுங்க பெரியப்பா. ஒவ்வொன்னாத்தான் அடிக்கோணும்" என்றாள்.

பலா லாரி, மிளகு வியாபாரி, பள்ளிக்கூடத்து டீச்சர் என்று பழைய போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே புதியதில் அடித்தவள் சட்டென்று நின்றாள்.

"'எடுக்காதே'ன்னு ஒன்னு இருக்குதுங்க..." நம்பரை உற்றுப் பார்த்தாள். "இது எங்கப்பா நம்பருங்களே."

நான் மேசை மேல் கிடந்த போன் உறைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"இப்படியே போடட்டுங்களா?"

"தம்பின்னு போடு சாமி."

தலை நிமிராமல் அடித்துவிட்டு போனைக் கையில் கொடுத்தாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பெயரை வைத்த நாளிலிருந்து அந்த நம்பரிலிருந்து ஒரு அழைப்பும் வந்ததில்லை. வந்திருந்தால் முதல் மணியிலேயே எடுத்திருப்பேன்.