என் குடலைப் பார்த்த நாள்

வைலே நகரில் ஒரு நோயியல் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நோயாளிகளிடமிருந்து எடுத்த சதைத் துண்டுகளை மெழுகில் புதைத்து, மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பேன். அவற்றில் ஒன்று என்னுடையதாக இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இரும்புச்சத்துக் குறைவும் களைப்பும் என்னை விடவேயில்லை. "நீர் கீரை சாப்பிடுறது காணாது," என்பார் என் கணவர். இரத்தப் பரிசோதனை சீலியாக் நோயாக இருக்கலாம் என்றது. கோதுமையில் உள்ள குளூட்டன் என் குடலுக்கு ஆகவில்லையாம். உறுதிப்படுத்த, வாய்வழியே குழாய் விட்டுச் சில துண்டுகள் எடுத்தார்கள். அவை எங்கள் கூடத்துக்கே வந்தன. பக்கத்து மேசைத் தோழி சீவினாள்.

தகட்டைப் பார்க்கும்போது என்னையும் கூப்பிட முடியுமா என்று எங்கள் கூடத்து மருத்துவரிடம் கேட்டிருந்தேன். இருவர் பார்க்கும் நுண்நோக்கியில் என்னை எதிரே இருத்தினார். நல்ல குடலில், உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் விரல்களைப் போல நிற்கும். என்னுடையது வெறும் தரையாகக் கிடந்தது.

"ஒன்றுமே இல்லையே. மூன்று சி தானே?" என்றேன். குடல் சேதத்தின் தரவரிசையில் முளைகள் முற்றிலும் தட்டையானால் அதுதான்; குட்டையாகி மட்டும் இருந்தால் மூன்று ஏ.

"பொறுங்கள். கீழேயுள்ள குழிகள் எப்படித் தெரிகின்றன?"

"வட்டம் வட்டமாக."

"நீளமாக அல்லவா தெரிய வேண்டும்? துண்டு சரிந்து கிடந்திருக்கிறது. சரிவாக வெட்டினால் முளை இருந்தாலும் தெரியாது."

மெழுகை உருக்கி, துண்டை நிமிர்த்தி மறுபடி வெட்டச் சொன்னார். தோழியின் முகம் வாடிவிட்டது. "எனக்கும் எத்தனையோ தரம் நடந்திருக்கிறது," என்றேன். சொன்ன பிறகுதான் அந்தத் துண்டுகளுக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள் என்பது உறைத்தது.

மறுநாள் புதிய தகட்டில் முளைகள் இருந்தன, குட்டையாக, மழுங்கி. குழிகள் ஆழமாகியிருந்தன. மேல்படை முழுக்க, அழற்சியைக் காட்டும் நிணநீர்க் கலங்கள்.

"மூன்று ஏ," என்றார் மருத்துவர்.

"எப்படியும் கோதுமையை விடத்தானே வேண்டும்? ஏ என்றால் என்ன, சி என்றால் என்ன?"

"அடுத்த வருடம் பார்க்கும்போது, எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று தெரிய வேண்டாமா?"

வீட்டில் கணவருக்குக் கடதாசியில் கீறிக் காட்டினேன். கனநேரம் பார்த்தார்.

"அப்ப பாணும் இல்லை, கோதம்பைமாப் புட்டும் இல்லையோ?"

"ஓம்."

"சரி, அரிசிமா இருக்குத்தானே. நானும் அதையே சாப்பிடுறன்."

அடுத்த வருடம் மறுபடி துண்டெடுத்தார்கள். மறுபடி மருத்துவருக்கு எதிரே இருந்து பார்த்தேன்; முளைகள் நெடுநெடுவென்று நின்றன. கலங்கள் மட்டும் கொஞ்சம் மிச்சம். தரம் ஒன்றுக்கு இறங்கியிருந்தது. மருத்துவர் தகட்டை மாற்றக் கை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கிறேனே," என்றேன்.