வட்டத்தில் செய்த கிடா

எனக்குப் படம் வரைய வராது. அடக்கத்துக்காகச் சொல்வதல்ல இது. பள்ளியில் நான் வரைந்த யானையை உருளைக்கிழங்கு மூட்டை என்று நினைத்துக்கொண்டு டிராயிங் டீச்சர் பத்துக்கு நான்கு போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் பென்சில் சரியில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன். அப்படிப்பட்டவள் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் ஸ்டிக்கர் கடை போட்டு, ஆட்டோக்களுக்கும் மினி வேன்களுக்கும் படம் ஒட்டிப் பிழைத்தேன் என்றால், அதற்கு வட்டமும் சதுரமும்தான் காரணம்.

கணினியில் கோடு இழுத்து வரைய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்து ‘ட்ரிம்’ கொடுத்தால், மேல் வட்டம் மறைத்த இடம் வெட்டுப்பட்டுப் பிறை கிடைக்கும். அதே இரண்டுக்கும் ‘இண்டர்செக்ட்’ கொடுத்தால் இரண்டுக்கும் பொதுவான இடம் மட்டும் மிஞ்சும், அது இலை. ‘வெல்ட்’ கொடுத்தால் இரண்டும் ஒட்டி ஒரே உருவமாகிவிடும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மயில், வேல், புறா, தென்னை மரம் எல்லாம் செய்தேன். வந்தவர்கள் என்னைப் பெரிய ஓவியர் என்று நம்பினார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

அந்த அறை இப்போது செல்போன் கடையாகிவிட்டது. நாங்களும் பெரிய இடத்துக்கு வந்துவிட்டோம். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் கால் தானாகப் படியேறப் பார்க்கிறது. புது ஸ்டிக்கர் சுருளைப் பிரிக்கும்போது எழும் வாசனை, கீழே புரோட்டாக் கடையில் கொத்தும் சத்தம், இருந்த ஒரே நாற்காலியில் நானும் என் கணவரும் மாறி மாறி உட்கார்ந்து வேலை பார்த்தது எல்லாம் நினைவுக்கு வரும். கஷ்ட ஜீவனம்தான். ஆனால் அந்த மாதிரிச் சிரித்து நாளாகிறது.

அப்போது ஒரே ஒரு குறை. அப்பா என்னோடு பேசவில்லை. நானும் என் கணவரும் ஒரே கணினி வகுப்பில் படித்தவர்கள். அவர் வீட்டில் மாதா கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் கருப்பசாமிக்குப் பொங்கல் வைப்பவர்கள். நானாக முடிவெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அதன்பிறகு மூன்று வருஷம், குஜிலியம்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குள் நான் கால் வைக்கவில்லை. யாராவது அப்பாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், தம்பியையும் தங்கச்சியையும் மட்டும் கணக்கில் வைத்து ரெண்டு என்று சொல்கிறாராம். அம்மா போனில் இதைச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அப்பா படியேறி வந்தார். அவர் ஆட்டு வியாபாரி. அய்யலூர் சந்தையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையில் ஆட்டு வாடை இருந்தது. அந்த வாடை பட்டதுமே எழுந்து நின்றுவிட்டேன். என் கணவருக்கு மாமா என்று கூப்பிடுவதா ஐயா என்று கூப்பிடுவதா தெரியவில்லை. வெறுமனே “வாங்க” என்றார். அப்பா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினார். பழைய லோடு ஆட்டோ ஒன்று வாங்கியிருக்கிறாராம், பின்பக்கம் ஒரு கிடா படம் வேண்டுமாம். திண்டுக்கல்லில் ஸ்டிக்கர் கடைக்கா பஞ்சம்? ஆனால் அதை நான் கேட்கவில்லை.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். உடலுக்கு ஒரு நீள்வட்டம், கழுத்துக்குச் சாய்த்த செவ்வகம், தலைக்கு ஒரு முட்டை, காலுக்கு நான்கு பட்டைகள். இரண்டு பிறைகளைக் கொம்பாக வைத்தேன். தாடிக்கு முக்கோணம். கடைசியாக இலையைக் காதாக நிமிர்த்தி வைத்தேன். எனக்குப் பின்னால் வந்து நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏத்தா, நம்ம ஆட்டுக்குக் காது இப்படியா நிக்கும்? தொங்கும்ல.”

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் காதைத் தொங்கவிட்டேன். வயிறு இம்புட்டுப் பெருசா இருந்தா சினையாடுன்னு சொல்லிருவாங்க என்றார், வயிற்றைக் குறைத்தேன். கொம்பைப் பின்னால் சாய்க்கச் சொன்னார், சாய்த்தேன். கண்ணில் நீர் முட்டி, திரையே கலங்கலாகத் தெரிந்தது. போதும் என்று அவர் சொன்னதும் படத்தை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வெல்ட் கொடுக்க மறந்துபோனேன். திரையில் எல்லாமே ஒரே கறுப்பு, முழு ஆடாகத்தான் தெரியும். ஆனால் இயந்திரம் நிறத்தைப் பார்க்காது. ஒவ்வொரு உருவத்தின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டும். சுற்றியிருந்த வேண்டாத தாளை உரித்தபோது ஒரு கொம்பும் அதோடு வந்தது. அதைப் பிடிக்கப் போனேன், தலை தனியாகக் கழன்றது. பிறகு கால். மேஜை மேல் கிடா துண்டு துண்டாகக் கிடந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். “கறிக்கடையில கூறு போட்ட மாதிரில இருக்கு” என்றார்.

வண்டிக்கு முதன்முதலாக ஒட்டும் படம். ஆட்டை உயிரோடு ஏற்றி விற்பவருக்கு வெட்டுப்பட்ட ஆடு. சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். செத்த நேரம் இருங்கப்பா, மறுபடி வெட்டித் தாரேன் என்று சொன்னேனோ முணுமுணுத்தேனோ தெரியவில்லை. நான் எழுந்து காலியாக விட்டிருந்த அந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்ட் கொடுத்தேன். கிடா முழுசாக வந்தது. என் கணவர் கீழே இறங்கிப்போய் வண்டியில் ஒட்டிவிட்டு வந்தார்.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“முன்னால பிள்ளைக பேரு போடணும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் முன் கண்ணாடிக்கு மேலே பிள்ளைகளின் பெயரை மூப்பு வரிசையில் எழுதுவார்கள். என்னென்ன பெயர் என்று என் கணவர் கேட்டார். அதுக்குத் தெரியும் என்று அப்பா என் பக்கம் தலையை ஆட்டினார். இதை என் கையாலேயே அடிக்கவேண்டுமா என்று ஆத்திரமாகக்கூட வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியின் பெயரை அடித்தேன். பக்கத்தில் தங்கச்சியின் பெயரையும் அடித்துவிட்டு, எழுத்து இந்த அளவு போதுமா என்று திரும்பாமலே கேட்டேன்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரல் வைத்து நிதானமாகப் படித்து முடித்தார்.

“மூத்தது பேரு எங்க?” என்றார்.

அன்றைக்கு என் பெயரையே நான் இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.