உள் அறைக்கு ஒரு சிடி ரைட்டர்

ஆம்பூரில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுக்க குர்ஷித்தைத்தான் கூப்பிடுவார்கள். ஆண் கேமராக்காரன் திரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். எடுத்ததைக் கொடுப்பதிலும் ஒரு கட்டு உண்டு. பென்டிரைவ் ஆகாது. அதிலிருந்து போனுக்கு ஏறும், போனிலிருந்து ஊரெல்லாம் பரவும். சிடி என்றால் பீரோவில் வைத்துப் பூட்டலாம். மணப்பெண்ணின் தாய் குர்ஷித்தின் வீட்டுக்கு வந்து, உள் அறையில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்து, பிரதிகள் எழுதி முடியும்வரை பார்ப்பாள். பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதை அவள் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும்.

இவ்வளவு கல்யாணம் எடுத்தும், இது நான் எடுத்தது என்று காட்டக் குர்ஷித்திடம் ஒரு துண்டுப் படம்கூடக் கிடையாது. அதற்குக்கூட அவள் பெரிதாக வருந்தியதில்லை. அந்த அறைதான் அவளை வாட்டியது. ஒற்றை ஜன்னல். திறந்தால் பக்கத்துத் தோல் கிடங்கின் நெடி, மூடினால் புழுக்கம். மண்டபத்துக்குக் கணவன் மக்பூல் அகமது கொண்டுபோய் விடுவான், அவனே கூட்டி வருவான். மற்ற நாளெல்லாம் அந்த அறைதான்.

இப்படியிருக்க, குர்ஷித் சித்தி முறை வைத்துக் ‘காலா’ என்று கூப்பிடும் மேல்விஷாரத்து ஹலீமா பீயின் மகள் கல்யாணத்தைச் சோதனைக்கு ஒரு பிரதி எடுக்கும்போது கம்ப்யூட்டரின் சிடி ரைட்டர் மண்டையைப் போட்டது.

குர்ஷித்துக்கு உள்ளுக்குள் குதூகலம். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அவளிடம் இருந்தது. அதில் சிடி போட வழியில்லை. வெளியே செருகிக்கொள்ளும் சின்ன ரைட்டர் வாங்கினால், இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் எழுதிக் கொடுக்கலாம். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி. தனியாக, பஸ்ஸில், ஜன்னலோரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் வேலூருக்குப் போனார்கள். கடைக்காரர் கோதண்டபாணி இரண்டு ரைட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று கம்ப்யூட்டர் பெட்டிக்குள் திருகிப் பொருத்துவது. இன்னொன்று மெல்லியது, ஒயரோடு தனியாக இருப்பது.

“இப்பல்லாம் இத யாரு பாய் கேக்கறாங்க? ஸ்கேன் சிடி காப்பி போடறவங்களுக்கும் உங்களுக்கும்தான் வெச்சிருக்கேன்.”

“எதுண்ணே நல்லது?” என்று மக்பூல் கேட்டான்.

“டெய்லி வேலைக்கு இந்தப் பெரிசுதான். பொட்டிக்குள்ளயே கரண்ட் எடுத்துக்கும், வேகம் ஜாஸ்தி, நாள்பட உழைக்கும். சின்னது யுஎஸ்பி கரண்ட நம்பி ஓடறது. தொடர்ந்து போட்டா சூடாயிடும்.”

“கேட்டியா குர்ஷித்?”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் சின்னதைக் கையில் எடுத்தாள்.

“வேகம் கம்மியா இருந்தா இன்னா? மெதுவா எழுதனாத்தான் பழைய பிளேயர்ல நிக்காம ஓடும்,” என்றாள்.

“அதுவும் நெசந்தான்,” என்றார் கோதண்டபாணி.

“இதத் தூக்கிக்கினு எங்க போகப் போற நீ?” மக்பூல் சிரித்தான்.

“மேல்விஷாரத்துக்கு. ஹலீமா காலாவுக்கு முட்டி வலி. வயசானவங்கள எதுக்கு ஆம்பூர் வரைக்கும் அலைய விடணும்? நானே போய் எழுதிக் குடுத்துட்டு வர்றேன்.”

மக்பூல் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். யாரையும் நேருக்கு நேர் மறுத்துப் பழக்கமில்லாதவன். முடியாது என்பதை இன்னொருவர் வாயால் சொல்லவைத்துவிடுவான்.

“சரி. அவங்க ஒத்துக்கினா போய்ட்டு வா, நான் குறுக்க வரல. ஒத்துக்கலன்னா என்னைப் பேஜார் பண்ணக்கூடாது.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“பாணி அண்ணன் சாட்சி.”

“உங்க வீட்டுப் பஞ்சாயத்துல என்ன ஏன் பாய் இழுக்கறீங்க?” என்றபடி கடைக்காரர் சின்ன ரைட்டரைப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல் குர்ஷித் போன் போட்டாள்.

“சலாம் காலா. நீங்க அலைய வேணாம். சின்னதா மிஷினு வாங்கிட்டேன். உங்க வீட்டுக்கே வந்து எழுதித் தர்றேன்.”

ஹலீமா பீ, “எங்க வீட்லயா? இன்னாடி பேசற நீ?” என்றாள். “இங்க பசங்க இருக்கானுங்க, மருமகன் வர்றான் போறான். எவன் எப்ப எட்டிப் பாப்பான்னு நான் காவல் நிக்கறதா?”

“கதவச் சாத்திக்கலாம் காலா.”

“சாத்துனா உள்ள இன்னா நடக்குதுன்னு கேப்பானுங்க. அதுவுமில்லாம, எங்க வீட்டுப் பொம்பளைங்க மொகத்தயெல்லாம் பையில போட்டுக்கினு நீ பஸ்ல வருவியா? பை தொலைஞ்சா?”

குர்ஷித் போனை இன்னொரு காதுக்கு மாற்றிப் பிடித்தாள்.

“கேமரா புடிக்கற பொண்ணு வேற கிடைக்காமயா உங்கிட்ட வர்றோம்? நீ தனியா சுத்தாத பொண்ணு. பொருளு உன் ரூமத் தாண்டாது. அந்த நம்பிக்கைதான்டி. முட்டி வலிச்சா வலிக்கட்டும், வியாழக்கிழமை நானே வர்றேன்.”

இத்தனை நாளும் மக்பூல்தான் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் கையை எடுத்துவிட்டான், கதவு அப்படியேதான் இருந்தது. அந்த அறைக்குள் அடைந்து கிடப்பதால்தான் அவளுக்கு வேலையே வருகிறது.

மக்பூல் அவள் முகத்தைப் பார்த்தான். “டீ போடட்டா?” என்று கேட்டான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

வியாழக்கிழமை ஹலீமா பீ மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள் அறையில் தாழ் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். குர்ஷித் சின்ன ரைட்டரைப் பழைய கம்ப்யூட்டரிலேயே செருகினாள்.

“இன்னாடி இது, சோப்பு டப்பா மாதிரி? பழசு டக்குனு முடிக்குமே. எதுக்கு இத வாங்கின?”

குர்ஷித் அதில் சிடியை வைத்து மூடினாள். கனமில்லாத சாமான், சிடி சுற்றச் சுற்ற அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. ஆடினால் எழுதியது கெட்டுவிடும். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

“வேர்த்து ஊத்துது. எழுந்து போய் ஃபேன கொஞ்சம் ஜாஸ்தி வெய்யி.”

“கைய எடுக்க முடியாது காலா,” என்றாள் குர்ஷித். “நீங்க வெச்சிக்கங்க.”